எக்செப்ஷன்: விதிவிலக்கா, வழுவா?

நிரல் ஓடும்போது ஏதாவது பிழை நேர்ந்தால் எழுவது எக்செப்ஷன், அதற்கு எல்லாரும் போடும் தமிழ் விதிவிலக்கு. மூலச்சொல் இலத்தீன்: ‘எக்ஸ்’ என்றால் வெளியே, ‘கபெரே’ என்றால் எடுத்தல், ஆக மொத்தத்திலிருந்து தனியே எடுத்து வைத்தது என்று பொருள். பைத்தான் நிரல்மொழியில் அதைப் பிடிக்கத் தினமும் எழுதுகிற ‘எக்செப்ட்’டுக்கும் இதே வேர்தான்.

நல்ல சொல், ஆனால் நிரலில் பாதி இடத்துக்குத்தான் பொருந்துகிறது. விதிவிலக்கு என்றால் விதி எழுதியவருக்கே அது முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும். பொது விதிப்படி வரவேண்டியதைத் தடுத்து அந்த இடத்துக்கு மட்டும் வேறு விதி சொல்வதை இலக்கண உரையாசிரியர்கள் ‘எய்தியது விலக்கிப் பிறிது விதி வகுத்தல்’ என்பார்கள், கிட்டத்தட்ட அதேதான் இங்கேயும் நடக்கிறது. அமைப்புகள் (செட்டிங்ஸ்) உள்ள ஃபைலைத் திற. இல்லையென்றால் ‘ஃபைல் இல்லை’ என்னும் ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர் வரும், அப்போது இயல்பு மதிப்புகளை எடுத்துக்கொள். இது எதிர்பார்த்த பிழை.

சரி, அதே இடத்தில் மாறியின் பெயரைத் தப்பாக அடித்திருந்தால்? அப்படி ஒரு பெயரே இல்லை என்னும் நேம்எரர் வரும். பைத்தான் கணக்கில் இதுவும் எக்செப்ஷன்தான், ஆனால் இதற்கு யாரும் பிறிது விதி வகுத்து வைப்பதில்லை, நிரலைத் திருத்தத்தான் வேண்டும். இதற்கு வழு என்ற பழைய சொல்லே போதும்.

இரண்டையும் ஒரே பெயரில் வைத்திருப்பதால்தானோ என்னவோ, வகை எதுவும் குறிப்பிடாமல் வெறும் ‘எக்செப்ட்’ போட்டு எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்துவிடுகிறார்கள். அப்போது எழுத்துப்பிழையும் ‘ஃபைல் இல்லை’ கணக்கில் சேர்ந்து, நிரல் இயல்பு மதிப்புகளோடு சத்தமில்லாமல் ஓடும். பயனர் எந்த அமைப்பை மாற்றினாலும் ஒன்றும் ஆகாது, எங்கேயும் ஒரு வரி எச்சரிக்கைகூட இருக்காது. போதாததற்கு, நிரலை நிறுத்த அடிக்கும் கன்ட்ரோல்-சியையும் அது விழுங்கிவிடும். தெரிந்த வகையை மட்டும் பெயர் சொல்லிப் பிடித்துவிட்டு மற்றதை மேலே போகவிடுங்கள், வெளி அடுக்கில் ஓரிடத்தில் பதிவுசெய்து நிறுத்திக்கொள்ளலாம்.

ஜாவா மொழி சில எக்செப்ஷன்களைப் பிடிக்கவோ அறிவிக்கவோ சொல்லிக் கம்பைலர் மூலம் கட்டாயப்படுத்துகிறது, நிரல் வழுக்களில் பெரும்பாலும் எழும் ரன்டைம்எக்செப்ஷனை விட்டுவிடுகிறது. கோ, ரஸ்ட் ஆகிய மொழிகள் எதிர்பார்த்த பிழையைச் சாதாரண மதிப்பாகவே திருப்பித் தருகின்றன, மற்றதற்கு, ஓட்டத்தை அங்கேயே முறிக்கும் ‘பேனிக்’. இதைப் ‘பீதி’ என்று மட்டும் மொழிபெயர்க்காதீர்கள், நிரலுக்கு என்ன பயம்! நிலைகுலைவு என்று எழுதலாம்.