ஒப்பிடத் தகுந்த மாணவர் யார்?

மாலைநேர சிறப்பு வகுப்புக்குப் போன மாணவர்கள் கணக்கில் கூடுதல் மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதனால் வகுப்பு பலன் தந்தது என்று சொல்லிவிட முடியாது. ஏற்கெனவே நன்றாகப் படிப்பவர்களும் படித்த பெற்றோரின் பிள்ளைகளுமே அதில் அதிகம் சேர்ந்திருந்தால், வகுப்பே நடக்காவிட்டாலும் அவர்கள்தான் முந்தியிருப்பார்கள். இதுதான் தெரிவுச் சாய்வு.

மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்திருந்தால் இந்தச் சிக்கல் வராது. ஆனால் வகுப்பெல்லாம் முடிந்த பிறகு வரும் ஆய்வாளரிடம் பழைய பதிவுகள் மட்டுமே இருக்கும். சரி, எல்லா வகையிலும் ஒத்த இருவரைத் தேடலாமே என்றால், ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும் 20 கேள்விகளிலேயே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட சேர்க்கைகள் உண்டு. ஜோடி கிடைப்பது அரிது.

1983இல் பால் ரோசன்பாம், டொனால்ட் ரூபின் என்ற இரு புள்ளியியலாளர்கள் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். ஒரு மாணவர் வகுப்பில் சேர்ந்திருக்க எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்பதை, சேர்வதற்கு முந்தைய விவரங்களைக் கொண்டு 0 முதல் 1 வரையிலான ஓர் எண்ணாகக் கணக்கிட வேண்டும். பெரும்பாலும் லாஜிஸ்டிக் ரெக்ரஷன் (பல விவரங்களிலிருந்து ஆம்/இல்லை என்ற முடிவின் வாய்ப்பைக் கணிக்கும் புள்ளியியல் முறை) மூலம் வரும் இந்த எண்தான் புரொபென்சிட்டி ஸ்கோர். வகுப்புக்குப் போன ஒருவரின் ஸ்கோர் 0.62 என்றால், போகாதவர்களில் 0.61 உள்ளவரை அவருடன் ஜோடி சேர்க்கலாம்.

இந்த இருவரும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கத் தேவையில்லை. ஒருவருக்குப் பெற்றோரின் படிப்பு கைகொடுத்திருக்கும், இன்னொருவருக்குப் பழைய மதிப்பெண். ஆனால் ஒரே ஸ்கோர் கொண்டவர்களைப் பெரும் எண்ணிக்கையில் எடுத்தால், போனவர், போகாதவர் என்ற இரு குழுவிலும் இந்தப் பண்புகள் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் கலந்திருக்கும். இந்த முறையின் உயிரே இதில்தான் இருக்கிறது.

அதனால் யார் வகுப்பில் சேர்வார்கள் என்பதை எவ்வளவு துல்லியமாகக் கணித்தோம் என்று பெருமைப்படுவதில் அர்த்தமில்லை. குழுக்கள் சமமாகிவிட்டனவா என்பதே கேள்வி. ஒவ்வொரு பண்பிலும் இரு குழுக்களின் சராசரி வித்தியாசத்தைத் திட்ட விலக்கத்தால் (மதிப்புகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) வகுத்துப் பார்ப்பார்கள், 0.1க்குக் கீழே வந்தால் பொதுவாக ஏற்பார்கள். வராவிட்டால் ஸ்கோரைக் கணக்கிடும் முறையைத் திருத்தி மறுபடி ஜோடி சேர்க்க வேண்டும். அதுவரை கணக்கு மதிப்பெண் பக்கமே போகாமல் இருப்பதுதான் நேர்மை. ஜோடியே கிடைக்காதவர்களை விட்டுவிட்டால், முடிவு மீதமிருப்பவர்களுக்கு மட்டுமே பொருந்தும்.

அப்புறம், பதிவேட்டில் இல்லாத ஆர்வத்தை இந்த முறையால் சமப்படுத்த முடியாது. அதனால் நல்ல ஆய்வுகள் இன்னொரு கணக்கும் போடுகின்றன: கண்ணில் படாத ஒரு காரணி எவ்வளவு வலுவாக இருந்தால் இந்த முடிவு கவிழும்? சிறிய காரணியே போதுமென்றால், அந்த முடிவை நம்பிப் பள்ளிகளில் எதையும் மாற்றக் கூடாது.