மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் பெயர்ப் பட்டியலை எழுதுங்கள்

கல்யாணச் சமையல் பேச வருகிறவர்கள் உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "மாஸ்டர், இலைக்கு எவ்வளவு?" நான் திருப்பிக் கேட்பேன்: "எத்தனை பேர்? எத்தனை வேளை?" பெரும்பாலும் அதற்குப் பதில் இருக்காது. "500 பேர் உட்காருகிற மண்டபம், அட்வான்ஸ் கொடுத்தாச்சு" என்பார்கள். மண்டபத்தைப் பிடித்துவிட்டால் அதை நிரப்பத்தான் மனசு ஓடும். காலி நாற்காலி தெரிந்தால் கௌரவக் குறைச்சல் என்று தோன்றும். 120 பேரோடு முடிந்திருக்க வேண்டிய கல்யாணம் 300 பேர் கல்யாணமாக மாறுவது இப்படித்தான்.

திருச்சி வட்டாரத்தில் பல வருடங்களாகச் சமையல் ஒப்பந்தம் எடுத்து நடத்துகிறேன். பெரிய கல்யாணம் எனக்கு லாபம்தான். ஆனால் கல்யாணம் முடிந்து பாக்கிப் பணத்தை எண்ணிக் கொடுக்கிற அப்பாக்களின் முகத்தை நேரில் பார்க்கிறவன் நான். கையில் குறைவாகப் பணம் வைத்துக்கொண்டு கல்யாணம் நடத்தப் போகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். நம் பக்கம் ஒரு வழக்கமான கல்யாணம் என்றால் முதல் நாள் இரவு விருந்து, காலை டிபன், முகூர்த்தச் சாப்பாடு என்று மூன்று வேளை. ஒரு பேச்சுக்கு இரவு 200, டிபன் 120, மதியம் 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆளுக்கு 520. 300 பேருக்கு 1,56,000. இப்போது நீங்கள் என்னிடம் மல்லுக்கட்டி இலைக்கு 20 ரூபாய் குறைக்கிறீர்கள். ஒருவருக்கு ஒரு வேளைக்கு ஒரு இலை என்று மூன்று வேளைக்கும் சேர்த்து 900 இலைக்கு 18,000 மிச்சம். ஆனால் பட்டியலில் 50 பெயரைக் குறைத்தால் 26,000 மிச்சம். முதல் நாள் இரவு விருந்தையே விட்டுவிட்டால் 60,000. அதோடு மண்டபத்து அறைகள், இரவு மின்சாரம், மேடை அலங்காரம் எல்லாம் இறங்கிவிடும். 120 பேர், காலை டிபன், மதியச் சாப்பாடு என்று நிறுத்திக்கொண்டால் மொத்தமே 38,400தான். பேரம் பேசிக் குறைக்கிற பணம் கொஞ்சம். ஆளையும் வேளையையும் குறைத்தால் வருகிற மிச்சம்தான் பெரிது. தவிர, இலைக்கு 20 ரூபாயை அடித்துக் குறைத்தால் அது எண்ணெயிலோ பருப்பிலோ தெரிந்துவிடும்.

"ஆளைக் குறைத்தால் சொந்தம் கோபித்துக்கொள்ளுமே" என்று எல்லாரும் சொல்வார்கள். கோபம் எங்கே வருகிறது என்று நான் பந்தியில் நின்று பார்த்திருக்கிறேன். கூப்பிடாததற்காக மட்டும் வருகிற கோபம் சீக்கிரம் ஆறிவிடும். ஒரு சித்தப்பாவைக் கூப்பிட்டு இன்னொரு சித்தப்பாவை விட்டால்தான் அது பத்து வருடம் நிற்கும். அதனால் ஆள் பார்த்துக் குறைக்காதீர்கள், முறை பார்த்துக் கோடு போடுங்கள். அப்பா, அம்மாவின் உடன்பிறந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் வரை. அதற்கு மேல் யாரும் இல்லை. நண்பர்கள் என்றால் மாப்பிள்ளைக்குப் பத்து, பெண்ணுக்குப் பத்து. தெருவில் என்றால் இரு பக்கத்து வீடும் எதிர்வீடும். யாருக்கும் விலக்குக் கிடையாது என்று தெரிந்தால் யாரும் அவமானமாக நினைப்பதில்லை. 2020இல் கொரோனா ஊரடங்கில் 50 பேருக்கு மேல் கூடாது என்று அரசு சொன்னபோது எத்தனையோ கல்யாணங்கள் வீட்டு வாசலில் நடந்தன. உறவு ஒன்றும் முறிந்துபோகவில்லை. எல்லாருக்கும் ஒரே விதி என்பதால்தான் யாருக்கும் மனத்தாங்கல் வரவில்லை. கூப்பிடாதவர்கள் வீட்டுக்குக் கல்யாணம் முடிந்ததும் மணமக்களை அழைத்துக்கொண்டு போய் ஆசீர்வாதம் வாங்கிவிடுங்கள். பல பெரியவர்களுக்கு மண்டபத்துக் கூட்டத்தில் நின்று கைகொடுப்பதைவிட இதுதான் பிடித்திருக்கிறது.

இந்தக் கோட்டை இரண்டு வீட்டாரும் சேர்ந்து போட வேண்டும். எங்கள் தொழிலில் அடிக்கடி பார்க்கிற துயரம் இதில்தான் இருக்கிறது. ஒரு தையல்காரர், மகள் கல்யாணத்துக்கு 150 இலை என்று சொல்லியிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் பத்திரிகையைப் படம் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். மதியம் இரண்டாவது பந்தி எழுந்தபோது வாசலில் இன்னும் ஒரு வேன் வந்து நின்றது. அவசர அவசரமாக அரிசி களைந்து போட்டு, ரசத்தை நீட்டி, அப்பளத்தைப் பொரித்துச் சமாளித்தோம். யாரும் பசியோடு போகவில்லை. ஆனால் அன்று மாலை அந்த மனிதர் தன் விரலில் இருந்த மோதிரத்தை அடகு வைத்துத்தான் கூடுதல் இலைக்குப் பணம் கொடுத்தார். அந்தப் பணத்தை வாங்கும்போது எனக்குக் கை கூசியது. சம்பந்தி வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்க அவருக்கு வாய் வரவில்லை. பெண்ணைக் கொடுத்த இடமாயிற்றே.

அதனால் வெற்றிலை பாக்கு மாற்றுகிற அன்றே பேசிவிடுங்கள். உங்கள் பக்கம் 60, எங்கள் பக்கம் 60. யார் அழைக்கிறார்களோ அவர்கள் இலைக்கு அவர்களே பணம். இதை மூத்தவர் ஒருவர் வாயால் சொல்லவைத்து, ஒரு தாளில் எழுதி இரு வீட்டாரும் வைத்துக்கொள்ளுங்கள். தங்கள் இலைக்குத் தாங்கள் கொடுக்க வேண்டும் என்று வந்துவிட்டால் 300 என்று சொன்னவர்களே 80க்கு வந்துவிடுகிறார்கள்.

பத்திரிகையிலும் ஒரு கவனம் வேண்டும். அச்சகத்தில் வழக்கமாகப் போடுகிற வாசகம், "சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து" என்பது. சின்னக் கல்யாணத்துக்கு அந்த வரியை எடுத்துவிடுங்கள். சூழ வாருங்கள் என்று எழுதிவிட்டு நாலு பேராக வந்தால் வருத்தப்படக் கூடாது. உறையின் மேல் யார் யார் என்று பெயர் எழுதி, நேரில் கொடுக்கும்போது "சின்ன இடம், நீங்க ரெண்டு பேரும் கண்டிப்பா வந்துடணும்" என்று சொல்லுங்கள். புரிந்துகொள்வார்கள். பொதுவான குழுக்களில் பத்திரிகையைப் போடவே வேண்டாம்.

பட்டியல் முடிந்த பிறகு இடம் பாருங்கள். 120 பேர் என்றால் கதவு நிறையத் திறக்கிறது. எங்கள் பக்கம் வயலூர் முருகன் கோயில் மாதிரி, மதுரைப் பக்கம் திருப்பரங்குன்றம் மாதிரி, சென்னையில் வடபழனி மாதிரிக் கோயில்களில் தாலி கட்டிவிட்டு, பக்கத்தில் சின்னக் கூடத்தில் சாப்பாடு போடலாம். வயதுச் சான்று, ஆதார், இது முதல் திருமணம் என்பதற்கான சான்று எல்லாம் கோயில் அலுவலகத்தில் பெரும்பாலும் கேட்பார்கள். முகூர்த்த நாளில் ஒரே காலையில் பல ஜோடிகள் வரிசையில் நிற்பார்கள் என்பதால் முன்கூட்டியே போய்ப் பதிந்து, நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். மாநகராட்சி, நகராட்சிகளின் சமுதாய நலக்கூடங்களையும் விசாரியுங்கள். தனியார் மண்டப வாடகையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பெரிது. வீட்டு வாசலில் பந்தல் போட இடம் இருந்தால் அதைவிட நல்லது ஏது? புரோகிதர் இல்லாமல் உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் மாற்றியோ தாலி கட்டியோ செய்துகொள்கிற சுயமரியாதைத் திருமணமும் முழுக்கச் சட்டப்படி செல்லும். இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கென்று 1967இல் செய்த திருத்தம் அதற்குத்தான்.

தனியார் மண்டபம்தான் என்றால், வாடகையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். மின்சாரம் மீட்டர்படியா? ஜெனரேட்டர் மணிக்கு எவ்வளவு? துப்புரவு, பாத்திர வாடகை, கேஸ் தனியா? அலங்காரம் அவர்கள் ஆளிடம்தான் செய்ய வேண்டுமா? வாடகைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டா, சேர்த்துச் சொன்ன தொகையா? எல்லாவற்றையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். சாவி வாங்கிய உடனே மின் மீட்டர் எண்ணை போனில் படம் எடுத்து வையுங்கள், மேலாளரையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு. சமையலுக்கு வீட்டு சிலிண்டரைக் கொண்டுவரலாமா என்று சிலர் கேட்பார்கள். கூடாது. 14.2 கிலோ வீட்டு சிலிண்டரை இதற்குப் பயன்படுத்துவது சட்டவிரோதம். 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வேண்டும்.

நாள் விஷயத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் எல்லாமே மலிவாகும். வைகாசி, ஆவணி, தை மாத வளர்பிறை முகூர்த்தத்தில், அதுவும் ஞாயிற்றுக்கிழமையில், மண்டபத்திலிருந்து மேளம் வரை விலை ஏறித்தான் இருக்கும். மல்லிகை விலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பனிக்காலத்தில் வரத்துக் குறைந்து முகூர்த்தமும் சேர்ந்துவிட்டால் ஸ்ரீரங்கம் சாத்தார வீதியில் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறவர்களைப் பார்க்கலாம். தேய்பிறையிலும் நல்ல முகூர்த்தம் உண்டு. வார நாளில் வைத்தால் கூட்டமும் தானாகக் குறையும்.

இனி என் வேலைக்கு வருகிறேன். பந்தி முடிந்து இலை எடுக்கும்போது நான் எப்போதும் அங்கே போய் நிற்பேன். என்ன மிச்சமாகிறது என்பது அந்த இலையில்தான் தெரியும். இரண்டாவது இனிப்பு பாதி கடித்துக் கிடக்கும். வெஜிடபிள் பிரியாணி ஓரமாக ஒதுக்கியிருக்கும். நாலாவது பொரியல் வைத்த இடத்திலேயே இருக்கும். சாம்பார், ரசம், கூட்டு, அப்பளம், பாயசம், மோர் மிஞ்சி நான் பார்த்ததில்லை. 20 ஐட்டம் போட்டு எதையும் நினைவில் வைக்காமல் போகிற சாப்பாட்டைவிட, நல்ல பருப்பும் நெய்யும், முருங்கைக்காயோ சின்ன வெங்காயமோ போட்ட சாம்பார், இரண்டு கறி, ஒரு கூட்டு, அவியல், வடை, ரசம், பாயசம், மோர் என்று 12க்குள் நிறுத்தினால் ருசியில் கவனம் வைக்க எங்களுக்கும் முடியும். பேசுகிற அன்று ஐட்டத்தைக் கூட்டச் சொல்லி வற்புறுத்துகிற சமையல்காரரிடம் கொஞ்சம் யோசித்துப் பேசுங்கள்.

120 பேருக்குக் கீழே என்றால் முழு ஒப்பந்தத்தைவிடக் கூலிச் சமையல் நல்லது என்பது என் அபிப்பிராயம். நாங்கள் மளிகை லிஸ்ட் தருவோம், நீங்கள் வாங்கித் தர வேண்டும், எங்களுக்குக் கூலி மட்டும். லிஸ்டைக் கையில் வாங்கியதும் அப்படியே கடையில் கொடுத்து வாங்கிவிடாதீர்கள், ஒரு தடவை கணக்குப் பாருங்கள். பத்துப் பேருக்கு ஒரு கிலோ அரிசி பொதுக் கணக்கு. இளவட்டம் அதிகம் என்றால் எட்டுப் பேருக்கு ஒரு கிலோ. 120 பேர் சாப்பாட்டுக்கு 25 கிலோ அரிசி எழுதியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். பிரிக்காத பாக்கெட்டைத் திருப்பி எடுத்துக்கொள்கிற கடையில் மளிகை வாங்குங்கள். காய்கறியை முதல் நாள் விடியற்காலையில் காந்தி மார்க்கெட் போன்ற மொத்தச் சந்தையில் எடுங்கள். இதற்கெல்லாம் ஓடியாட ஆள் இல்லாத வீடு என்றால் முழு ஒப்பந்தமே சரி. ஆனால் ஒப்பந்தக்காரருக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் இருக்கிறதா, குறைந்தபட்சம் எத்தனை இலைக்குப் பணம் வாங்குவார் என்ற இரண்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 150 என்று பேசி 110 பேர் வந்தாலும் 150க்குத்தான் பணம் என்பது பலருக்குக் கடைசியில்தான் தெரிகிறது. நிச்சயம் வருவார்கள் என்று நீங்கள் நினைக்கிற எண்ணிக்கையைவிடக் கொஞ்சம் குறைத்தே சொல்லுங்கள். பத்துப் பேர் கூடுதலாக வந்தால் எந்தச் சமையல்காரரும் சமாளித்துவிடுவார்.

இலை எண்ணிக்கையில் சண்டை வராமல் இருக்க ஒரே வழிதான். பந்தி தொடங்கும் முன் உங்கள் வீட்டு ஆள் ஒருவர் இலைக்கட்டை எண்ணி எங்களிடம் கொடுக்க வேண்டும், முடிந்ததும் மிச்ச இலையையும் கிழிந்த இலையையும் எண்ணித் திரும்ப வாங்க வேண்டும். கழித்தால் கணக்கு வந்துவிடும். இந்த வேலைக்கு நிதானமான ஒரு மாமாவையோ அத்தானையோ நியமித்துவிடுங்கள். அவருக்கு அன்று வேறு பொறுப்பு எதுவும் கொடுக்காதீர்கள்.

நகை என் துறை இல்லை. வாங்குகிற ஒவ்வொரு தங்க நகையிலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யுஐடி (ஹால்மார்க் அடையாள எண்) முத்திரையைப் பார்த்து வாங்குங்கள், பில் இல்லாமல் வாங்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

அரசு உதவி பற்றி நிறையப் பேர் பழைய தகவலை நம்பி வருகிறார்கள். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவி 2022இல் புதுமைப் பெண் திட்டமாக மாறிவிட்டது. இப்போது அது அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்துக் கல்லூரி போகிற பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். தாலிக்குத் தங்கம் அதில் வராது. கணவரை இழந்த ஏழைத் தாயின் மகளுக்கும், பெற்றோர் இல்லாத பெண்ணுக்கும் சமூக நலத்துறையில் தனித் திட்டங்கள் உண்டு. அவற்றுக்குக் கல்யாணத்துக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். முடிந்த பிறகு போய் நிற்காதீர்கள். கல்யாணத்தைப் பதிவு செய்வதையும் தள்ளிப்போடாதீர்கள். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும், கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் அவகாசம். கோயிலில் தருகிற ரசீது திருமணச் சான்றிதழ் ஆகாது; அதையும் பத்திரிகையையும் பதிவுக்காகப் பத்திரமாக வையுங்கள்.

கடைசியாகப் பணம். "மொய் வந்துடும் மாஸ்டர், அதுல கொடுத்துடறேன்" என்று யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். சின்னக் கல்யாணத்தில் மொய்யும் சின்னதாகத்தான் வரும். வந்தாலும் அது திருப்பிச் செய்ய வேண்டிய பணம், நோட்டுப் புத்தகத்தில் பெயரோடு எழுதியிருக்கிறது. அதை வரவாக வைத்துத் திட்டம் போடாதீர்கள். மீட்டர் வட்டி, கந்துவட்டி என்று எவரிடமும் போகாதீர்கள். 2003லேயே அதைத் தடை செய்து சட்டம் வந்துவிட்டது என்றாலும், கல்யாண அவசரத்தில் கையெழுத்துப் போட்ட வெற்றுப் பத்திரத்தை மீட்பது லேசான காரியம் இல்லை. பணம் போதவில்லை என்று தெரிந்தால் என்னைப் போன்றவர்களிடம் முன்னாலேயே சொல்லுங்கள். முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போதுகூட 30 இலையைக் குறைக்கலாம், இரண்டு ஐட்டத்தை எடுக்கலாம், ஒரு இனிப்பை விடலாம். மளிகையும் காய்கறியும் இறங்கிய பிறகு எங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.