ட்ரோலிங்: வலையில்லாத இழுவை

ஓடும் படகுக்குப் பின்னால் தூண்டில் நரம்பை நீள விட்டு, முனையில் கட்டிய போலி இரையைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டே போய் மீன் பிடிப்பதுதான் ட்ரோலிங். இணையத்தில் ஆளைச் சீண்டிக் கலாய்க்கும் ட்ரோலிலும் இரையைக் காட்டிக் கடிக்கவைக்கும் இந்தப் பொருள் கலந்திருக்கிறது. ஸ்காண்டிநேவியக் கதைகளில் வரும் ட்ரோல் பூதம் வேறு வம்சம்.

ஆங்கிலத்தில் இந்த வினைச்சொல்லின் பழைய பொருள் திரிதல், உருளுதல். வேட்டை தேடி அங்குமிங்கும் அலைவதைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லோடு இதற்கு உறவு சொல்வார்கள். மீன்பிடிப் பொருள் 1600 வாக்கில் வந்து சேர்ந்தது. ட்ராலிங் என்பது வேறு சொல், வேறு தொழில். அது பெரிய பையான வலையைக் கடலுக்குள் இழுப்பது. நம் கரையில் இழுவைமடி. இரண்டையும் 'இழுவை மீன்பிடிப்பு' என்று எழுதிவிட்டால், அடிமண்ணை வாரும் மடியும் கொக்கிக்கு ஒரு மீன் எடுக்கும் தூண்டிலும் ஒன்றாகிவிடும். ஆகவே ட்ரோலிங்குக்கு 'இழுவைத் தூண்டில்' பொருந்தும். தூண்டில் என்ற பாதியை மட்டும் எங்கும் விடக்கூடாது. வஞ்சிரத்துக்கும் சூரைக்கும் நம் கடலோடிகள் ஓடும் படகிலிருந்து விடும் கயிறும் இதே முறைதான்.

இந்த முறை ஒரு தனிக்கலையாகவே வளர்ந்திருப்பது வட அமெரிக்கப் பேரேரிகளில். மிச்சிகன் ஏரியின் லேக் ட்ரவுட்டை 1950களுக்குள் கடல் லாம்ப்ரே ஒட்டுண்ணியும் மிகை மீன்பிடிப்பும் துடைத்துவிட்டன. தின்ன ஆளில்லாமல் ஏல்வைஃப் என்ற சிறுமீன் பெருகியது. அதைத் தின்ன 1966இல் கோஹோ சால்மனையும் 1967இல் சினூக் சால்மனையும் அங்கே விட்டார்கள். லேக் ட்ரவுட்டும் குஞ்சு விட்டு மீட்கப்பட்டு வருகிறது. பெயரில் ட்ரவுட் இருந்தாலும் அது உண்மையில் சார் (char) என்ற மீன் இனம்.

கோடையில் ஏரியின் மேல்நீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சினூக் தேடுவது 12 டிகிரி அளவிலான நீர். லேக் ட்ரவுட்டுக்கு 10 டிகிரி. அதனால் ட்ரவுட் ஆழத்தில், பெரும்பாலும் தரையை ஒட்டிக் கிடக்கும். படகு ஓடும்போது சும்மா விட்ட நரம்பு மேலேயே மிதந்து வரும். இரையை அவ்வளவு கீழே கொண்டுபோக வந்த கருவிதான் டவுன்ரிகர், 'ஆழமிறக்கி' எனலாம். படகோரத்தில் ஒரு சிறு சுழல் உருளை, அதில் கம்பிவடம், வடத்தின் நுனியில் 8 முதல் 12 பவுண்டு ஈயக்குண்டு, குண்டருகே, நரம்பைப் பிடித்திருந்து மீன் இழுத்ததும் விட்டுவிடும் ஒரு கவ்வி.

முதலில் படகை நேராக ஓட்டி வேகத்தை நிலைப்படுத்த வேண்டும்: ட்ரவுட்டுக்கு மணிக்கு 1 முதல் 2 மைல், சினூக்குக்கு 2 முதல் 3. இரையைப் படகோரத்திலேயே விட்டு ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். மேலே ஆடாத இரை கீழேயும் ஆடாது. பிறகு 10 முதல் 30 அடி நரம்பை விட்டு, கவ்வியில் மாட்டி, நரம்பு சுற்றிய ரீலைத் தளர்வாக வைத்துக் குண்டை மெல்ல இறக்க வேண்டும். கடைசியாகத் தூண்டில் கம்பை நிறுத்தி, நுனி நன்றாக வளையும்வரை ரீலைச் சுற்ற வேண்டும். பலர் சோம்பல்படும் இடம் இது. கம்பு வளையாமல் நின்றால், மீன் இழுத்து, கவ்வி பிடியை விட்டதும் நரம்பு தொய்ந்து கொக்கி வாயில் ஏறாது. கவ்வி அதிக இறுக்கமென்றால் சிறுமீன் மாட்டியது தெரியாமலே இழுபட்டு வரும். தளர்ந்திருந்தால் ஒவ்வொரு அலையும் கழற்றிவிடும்.

வடம் எவ்வளவு இறங்கியது என்று காட்டும் கணக்குமானியில் 100 அடி என்றிருந்தால் குண்டு 100 அடியில் இருக்கிறது என்று நம்பக்கூடாது. நீரோட்டமும் வேகமும் வடத்தைப் பின்னால் சாய்க்கும். உண்மை ஆழம் குறையும். கனத்த குண்டோ மெல்லிய பின்னல் வடமோ போட்டால் சாய்வு குறையும். அடியோட்டம் எதிர்த்தால் மேலே காட்டும் 2 மைல், இரைக்கு 3 ஆகவும் ஆகலாம். படகைத் திருப்பி எதிர்த்திசையில் ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

குண்டில்லாமல் ஆழம் போக ஈயநரம்பு உண்டு: பின்னல் உறைக்குள் ஈயக்கம்பி, 10 கஜத்துக்கு ஒரு நிறம். 2 மைல் வேகத்தில் நிறத்துக்குச் சுமார் 5 அடி இறங்கும் என்பது தோராயக் கணக்கு. திருப்பத்தில் உள்பக்க நரம்பு வேகம் குறைந்து தாழும், வெளிப்பக்கம் வேகமெடுத்து உயரும். கடி உள்பக்கத்திலேயே விழுந்தால் வேகத்தைக் குறைத்தோ ஆழத்தைக் கூட்டியோ பார்க்கலாம். அதற்காகச் சட்டென்று திருப்பினால் எல்லா நரம்பும் ஒரே சிக்காகிவிடும்.

இரையில் சினூக்குக்கு 4 அங்குல ஸ்பூன் தகடு, அல்லது 11 அங்குல ஃபிளாஷர் தகட்டின் பின்னால் இரண்டடிக்குள் ஒரு தூவிப்பூச்சி, அதாவது ஃபிளை என்ற போலிப் பூச்சி. தூவிக்கும் தகட்டுக்கும் இடைவெளி குறைந்தால் ஆட்டம் கூடும். தகடு சுழன்று நரம்பை முறுக்கும்; இடையில் பால் பேரிங் சுழலி கட்டாயம். ஒண்டாரியோ ஏரியில் கோடைக் காலத்தில் முள்வால் நீர்த்தெள்ளு என்ற சிற்றுயிர் நரம்பில் பஞ்சாக ஒட்டிக் கம்பின் வளையங்களை அடைக்கும். அங்கே 30 பவுண்டு தடித்த நரம்புதான் கைகொடுக்கும். மெல்லிய பின்னல் நரம்பைத் தெள்ளு விடவே விடாது.