கொய்யாவும் சிகரெட்டும்

மன்னார்குடிப் பக்கம் ஒரு டீக்கடை. குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்த பெரியவருக்கு ஒரு கையில் சிகரெட், மறு கையில் பாதி கடித்த கொய்யா. "அதுல கெட்டது இதுல சரியாப் போயிடும் தம்பி" என்றார். அவர் கணக்கில் பாதி சரிதான்.

சிகரெட் புகையை ஒருமுறை இழுத்தால் சுமார் பத்துக் கோடி கோடி ஃப்ரீ ராடிக்கல்கள் உள்ளே போகின்றன. ஜோடியில்லாத எலக்ட்ரானோடு அலைபவை இவை. பக்கத்து மூலக்கூறிடம் ஒன்றைப் பிடுங்கும். பறிகொடுத்தது அடுத்ததிடம் பிடுங்கும். செல் சவ்வின் கொழுப்பில் இது தொடங்கினால், வைக்கோல் போரில் பொறி விழுந்த கதைதான்.

அங்கே காவலுக்கு நிற்பது வைட்டமின் ஈ. கொழுப்பில் கரைவதால் சவ்வுக்குள்ளேயே இருந்து, தன்னிடம் உள்ளதைக் கொடுத்துச் சங்கிலியை அறுக்கும். கொடுத்ததும் அது காலிக் குடம். அதை நிரப்புவது ரத்தத்தில் கரைந்திருக்கும் வைட்டமின் சி. சி-யை மீட்பதில், நம் செல்களே தயாரிக்கும் குளூட்டாதயோன் என்ற பொருளுக்கும் பங்குண்டு. தீயணைக்க வரிசையில் நின்று குடம் மாற்றுகிற வேலை. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் வேண்டுமே! ஆட்டின் உடல் வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்ளும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, சாப்பாட்டில்தான் வரவேண்டும்.

அதனால் புகைப்பவர் ரத்தத்தில் வெளிப்படையாகக் குறைவது சி. அவர்கள் பழம் குறைவாகச் சாப்பிடுவதும் ஒரு காரணம்தான். ஆனால் சாப்பாட்டு வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தாலும் குறைவு குறைவுதான். அடுத்தவர் விட்ட புகையைச் சுவாசிப்பவர்களுக்கும் குறைகிறது. டீ மாஸ்டர் பாவம். புகைப்பவர்களுக்கு நாளுக்கு 35 மில்லிகிராம் கூடுதலாக வேண்டும் என்று அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2000-இல் சொன்னது. நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. அந்த மட்டுக்கும் பெரியவர் ஜெயித்துவிட்டார்.

மீதிப் பாதியில்தான் வில்லங்கம். புகையில் உள்ள, புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைன் போன்றவை உடலுக்குள் உருமாறி நேராக டி.என்.ஏ.வில் போய் ஒட்டுகின்றன. அந்தத் தீக்கு இந்தக் குடம் எட்டாது.

சரி, மாத்திரையாக அள்ளிப் போட்டுக்கொண்டால்? ஃபின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பாளர்களை வைத்துப் பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தது: கேரட்டில் இருக்கும், இதே காவல் வேலை பார்க்கிற பீட்டா கரோட்டினை மாத்திரையாக எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். புகை சூழ்ந்த நுரையீரலில் பீட்டா கரோட்டினே சிதைந்து கெடுதல் செய்யும் பொருளாக மாறியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

இவ்வளவையும் பெரியவர் பொறுமையாகக் கேட்டார். சிகரெட்டின் கடைசி இழுப்பை இழுத்துவிட்டு, "அப்ப கொய்யாவ விடச் சொல்றியா தம்பி?" என்றார்.