புது டயர் போட்டதும் மைலேஜ் குறைந்தது ஏன்?

பதினைந்து வயதான என் ஆல்ட்டோவுக்குப் போன வருடம் நான்கு டயரும் புதிதாகப் போட்டேன். பழையவை மொட்டையாகிவிட்டன. மழையில் பிரேக் மிதித்தால் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. புது டயர் போட்டால் மைலேஜும் கொஞ்சம் ஏறும் என்று நம்பியிருந்தேன். நடந்தது நேர்மாறு. லிட்டருக்கு 17 கொடுத்த வண்டி 16-க்கு இறங்கியது. டயர் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "பட்டன் எல்லாம் முழுசா இருக்கு சார். கொஞ்சம் தேயட்டும், தானா சரியாயிடும்" என்றார். பட்டன் என்று அவர் சொன்னது, டயரின் மேல் தரையைத் தொடும் ரப்பர் மேடுகளை. சமாதானத்துக்குச் சொல்கிறார் என்று அன்று நினைத்தேன். பிறகு படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவர் சொன்னது சுத்தமான இயற்பியல்.

நிற்கும் காரின் டயரைக் குனிந்து பாருங்கள். தரையைத் தொடும் இடத்தில் உள்ளங்கையளவுக்குச் சப்பையாகியிருக்கும். வண்டி ஓடும்போது டயரின் ஒவ்வொரு பகுதியும் சுற்றுக்கு ஒருமுறை அந்த இடத்தில் நசுங்கி, மறுபடி நிமிர்கிறது. ஆல்ட்டோவின் சின்னச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 600 தடவை சுற்றும். அத்தனை தடவையும் ரப்பர் பிசையப்படுகிறது. நசுக்கியபோது கொடுத்த ஆற்றலை நிமிரும்போது ரப்பர் அப்படியே திருப்பித் தருவதில்லை. ஒரு பங்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டு சூடாகிறது. நெடுஞ்சாலையில் ஓடி வந்த வண்டியின் டயரைத் தொட்டுப் பார்த்தால் தெரியும் சூடு, பெருமளவு நாம் போட்ட பெட்ரோல்தான்.

ரப்பர் பந்தை நினைத்துக்கொண்டால் இது எளிதில் பிடிபடும். நன்றாக எம்பும் பந்து, வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது. பொத்தென்று விழுந்து கிடக்கும் பந்து அதை விழுங்கிவிடுகிறது. பெட்ரோல் மிச்சமாக வேண்டுமென்றால் எம்புகிற ரப்பர் வேண்டும்.

இதில் எவ்வளவு பணம் போகிறது? ஆட்களோடு சேர்த்து 900 கிலோ எடையுள்ள கார் என்று கொள்வோம். ரப்பர் இப்படி ஆற்றலை விழுங்குவதால் டயர் உருள்வதற்கு எழும் எதிர்ப்பைத்தான் உருளும் தடை என்கிறார்கள். சாதாரண டயர்களில் அது எடையில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 9 கிலோ விசை. வண்டி ஓடும் நேரமெல்லாம் யாரோ 9 கிலோ பலத்தில் பின்னால் பிடித்து இழுப்பது மாதிரி. இன்ஜின் பெட்ரோலின் ஆற்றலில் கால்வாசியைத்தான் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், இந்த இழுவையை வெல்ல மட்டும் 100 கி.மீ.க்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் செலவாகிறது. தடையை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் 40,000 கி.மீ.யில் 80 லிட்டருக்கு மேல் மிச்சம். லிட்டர் 100 ரூபாய் என்றால் 8,000 ரூபாய். பெரிய கார்களைவிட, சின்னக் காரை வருடக்கணக்கில் வைத்து ஓட்டுகிறவருக்குத்தான் இது முக்கியமான தொகை.

இப்போது கடைக்காரர் சொன்னதற்கு வருகிறேன். பிசையப்படும் ரப்பரில் பெரும்பங்கு பட்டனில் இருக்கிறது. புது டயரில் பட்டன் ஆழம் ஏழெட்டு மில்லிமீட்டர். மொட்டை டயரில் அது ஒன்றரை, இரண்டு. ரப்பர் குறைந்தால் சூடாகி வீணாவதும் குறையும். அதனால் தேய்ந்த டயர் புது டயரைவிட இலகுவாக உருளும். என் பழைய டயர்கள் நல்ல மைலேஜ் கொடுத்ததற்கு அவற்றின் மொட்டைத்தனமே ஒரு காரணம்.

இன்னொரு காரணம் ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் மீட்டரில் ஒளிந்திருக்கிறது. என் ஆல்ட்டோவின் 145/80 ஆர்12 அளவு டயரின் விட்டம் சுமார் 537 மி.மீ. ஆறு மி.மீ. தேய்ந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து விட்டம் 12 மி.மீ. குறையும், அதாவது நூற்றுக்கு இரண்டு. மீட்டர் எண்ணுவது சக்கரத்தின் சுற்றுகளை. சின்னதாகிவிட்ட சக்கரம் அதே தூரத்துக்கு அதிகம் சுற்றுவதால், மொட்டை டயரில் வண்டி ஓடாத கிலோமீட்டரையும் மீட்டர் காட்டும். நான் இழந்ததாக நினைத்த மைலேஜில் ஒரு பகுதி முதலிலிருந்தே இல்லாதது.

அப்படியானால் கெட்டியான, எம்புகிற ரப்பரில் செய்த டயரை வாங்கிவிடலாமே? "ஹார்டு காம்பவுண்டு சார், தேயவே தேயாது" என்று விற்பவர்கள் உண்டு. இங்கேதான் நிதானம் வேண்டும். பிரேக் மிதிக்கும்போது டயர் சாலையைப் பிடிப்பதும் இதே ஆற்றல் விழுங்கும் குணத்தால்தான். தாரில் பதிந்த ஜல்லியின் பொடிப்பொடி முனைகள் ரப்பரைக் குத்தி நெளிக்கின்றன. நெளிவில் ஆற்றல் வீணாவதால்தான் வண்டி நிற்கிறது. ஈரச்சாலையில் இது இன்னும் முக்கியம். விழுங்காத ரப்பர் மழையில் வழுக்கும்.

ஒரே ரப்பர் விழுங்கவும் வேண்டும், விழுங்கவும் கூடாது. இந்த முடிச்சை அவிழ்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. 50 கி.மீ. வேகத்தில் ஆல்ட்டோவின் டயர் நொடிக்கு எட்டு, ஒன்பது முறை பிசையப்படுகிறது. ஜல்லி முனைகள் மேல் வழுக்கும்போது ரப்பரின் மேல்தோல் அதிர்வதோ நொடிக்கு ஆயிரக்கணக்கிலிருந்து லட்சக்கணக்கான தடவை. மெதுவான பிசைதலுக்கு எம்பியும், வேகமான அதிர்வுக்கு விழுங்கியும் நடந்துகொள்ளும் ரப்பர் கிடைத்தால் போதும். ஆய்வகத்தில் இதைச் சோதிக்க அழகான ஒரு வழி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த ரப்பர், வேகமாக அதிர்கிற ரப்பரைப் போலவே நடந்துகொள்ளும். ஆகவே 60 டிகிரி செல்சியஸில் ஆற்றல் இழப்பை அளந்து மைலேஜையும், 0 டிகிரியில் அளந்து ஈரப்பிடிப்பையும் கணிக்கிறார்கள். முதலாவது குறைவாகவும் இரண்டாவது அதிகமாகவும் இருந்தால் நல்ல ரப்பர்.

குலசேகரம் பக்கத்துத் தோட்டங்களில் வடியும் இயற்கை ரப்பர் நன்றாக எம்பும். ஆனால் கார் டயரின் பட்டனுக்குத் தேவையான ஈரப்பிடிப்பு அதில் போதாது. அதனால் செயற்கை ரப்பரைச் சேர்க்கிறார்கள். தேய்மானத்தைத் தடுக்க, டயருக்குக் கறுப்பு நிறம் தரும் கரித்தூளையும் கலக்கிறார்கள். கரித்துகள்கள் ரப்பருக்குள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வலைபோல நிற்கும். ஒவ்வொரு நசுங்கலிலும் அந்த வலை அறுந்து மறுபடி கூடுவதில் வெப்பம் பிறக்கும். மிஷ்லின் நிறுவனம் 1992-ல் கரித்தூளின் பெரும்பகுதிக்குப் பதிலாக சிலிக்காவைப் போட்ட டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மணலில் இருக்கும் அதே பொருள்தான் சிலிக்கா. அது ரப்பரோடு எளிதில் ஒட்டாது. சிலேன் என்ற வேதிப்பொருள் பாலமாக நின்று இரண்டையும் பிணைக்கிறது. அப்படிப் பிணைந்த பிறகு துகள்களின் வலை பலவீனமாகிறது, உருளும்போது வெப்பம் குறைகிறது, ஈரப்பிடிப்பும் நிற்கிறது.

கடையில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தியாவில் உருளும் தடை, ஈரப்பிடிப்பு, சத்தம் மூன்றுக்கும் ஏ.ஐ.எஸ்.-142 என்ற தரநிலை இருக்கிறது. ஃபிரிட்ஜுக்கு நட்சத்திரம் ஒட்டும் அதே எரிசக்தித் திறன் பணியகம் டயருக்கும் நட்சத்திரம் தருகிறது. இது கட்டாயமில்லை என்பதால் எல்லா டயரிலும் இருக்காது. ஐரோப்பிய வில்லை ஒட்டிய டயரில் ஏ முதல் இ வரை தரம் போட்டிருக்கும். மைலேஜில் ஏ என்றால் டன்னுக்கு 6.5 கிலோ தடைக்கு மேல் போகாது. இ என்றால் 10.5-ஐத் தாண்டும். மைலேஜுக்கு ஏ வாங்கி ஈரப்பிடிப்பில் கடைசித் தரம் வாங்கிய டயரை, நம் ஐப்பசி மழையை நினைத்தாவது ஒதுக்கிவிடுங்கள். சில டயர்களின் பக்கவாட்டில் 'ட்ரெட்வேர்' என்று 300, 400 போல எண் இருக்கும். எண் கூடினால் ஆயுள் கூடும் என்பது கணக்கு. ஆனால் அந்த எண்ணை முடிவு செய்வது தயாரிப்பாளரே. ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட அது உதவும், இரண்டு கம்பெனிகளை ஒப்பிட அவ்வளவாக உதவாது. பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதியையும் தேடுங்கள். 2324 என்றால் 2024-ன் 23-வது வாரத்தில் செய்தது. அளவை மட்டும் மாற்றாதீர்கள். சின்ன இன்ஜினுக்கு அகலமான டயர் வெறும் சுமை.

பழைய காரில் டயரைவிட அதைத் தாங்கும் பாகங்கள்தான் பெரும்பாலும் டயரைத் தின்கின்றன. சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் கீழ்க்கையின் ரப்பர் மூட்டான லோயர் ஆர்ம் புஷ் தளர்ந்து, சக்கரம் வெறும் 0.2 டிகிரி திரும்பி நின்றால்கூட, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டயர் மூன்றரை மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. பத்தாயிரம் கி.மீ.யில் அது 35 கி.மீ. பட்டன் மேல் உள்ளங்கையை உள்ளிருந்து வெளியாகவும் வெளியிலிருந்து உள்ளாகவும் தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் ரம்பம் போலவும் இருந்தால், புஷ்ஷைச் சரிசெய்து அலைன்மென்ட் பார்த்த பிறகே புது டயர் போட வேண்டும்.

காற்றைக் காலையில், வண்டியை ஓட்டுவதற்கு முன் பாருங்கள். மே மாத மதியத்தில் ஓடிய டயர் நாலைந்து பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். பங்க்கில் அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் டயர் குறைகாற்றில் நிற்கும். குறைகாற்றில் அது அதிகம் நசுங்கும், அதிகம் சூடாகும், ஓரங்களில் தேயும்.

நான்கையும் ஒரேயடியாக மாற்றப் பணம் இடித்தால், புது இரண்டையும் பின்னால் போடச் சொல்லுங்கள். இன்ஜின் முன்னால் இருக்கிறது என்று கடையில் முன்சக்கரத்தில் போடத்தான் பார்ப்பார்கள். தேங்கிய தண்ணீரில் முன்சக்கரம் பிடி விட்டால் வண்டி நேராகப் போகும், ஆக்ஸிலரேட்டரை விட்டால் மெல்ல அடங்கும். பின்சக்கரம் பிடி விட்டால் வண்டி பம்பரமாகச் சுற்றிவிடும்.