ஷெட்டுக்குக் கீழே நரி குட்டி போட்டிருந்தால் தயவுசெய்து அடைத்துவிடாதீர்கள்

"தோட்டத்து ஷெட்டுக்குக் கீழே நரி வளை தோண்டியிருந்தது. செங்கல் வைத்து சிமென்ட் பூசிவிட்டோம். இப்போது ராத்திரியெல்லாம் உள்ளேயிருந்து முனகல் கேட்கிறது." லண்டனில் ஏப்ரல் பிறந்தால் எங்களுக்கு வரும் அழைப்பு இது. இந்த வாரம் வந்தது மூன்றாவது. இதற்கு மேலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தரைப் பலகையைக் கழற்றினால் கண்ணில் படுவது இதுதான்: நாய்க்குட்டியா பூனைக்குட்டியா என்று சட்டென்று சொல்ல முடியாத நாலைந்து கரும்பழுப்பு உருண்டைகள், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். மூக்கு இன்னும் நீண்டிருக்காது. கண் திறந்திருந்தால் நீலமாக இருக்கும். செம்பட்டை ரோமம் பிறகுதான் வரும். வெளியே, புதுச் சிமென்ட்டுக்குப் பக்கத்து மண்ணில், தாய் விடிய விடியப் பிறாண்டிய நகத் தடங்கள். பிறந்த முதல் இரண்டு வாரம் தாய் குட்டிகளை விட்டு அகலுவதில்லை என்பதால், சில வீடுகளில் தாயும் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. குடியிருக்கும் வளையை அடைப்பது இங்கே சட்டப்படி குற்றம். விஷம் வைப்பதும் குற்றம்.

"அப்படியானால் நீங்களே வந்து பிடித்துப்போய் எங்காவது காட்டில் விடுங்களேன்" என்பதுதான் அடுத்த வரி. இதை எத்தனை தடவை விளக்கினாலும் யார் காதிலும் ஏறுவதில்லை. ஆகவே நிதானமாகவே சொல்கிறேன். நகரத்து நரிகள் குடும்பமாக எல்லை வகுத்து வாழ்கின்றன. உங்கள் தோட்டம் அந்த எல்லைக்குள் ஒரு மூலை, அவ்வளவுதான். அங்கிருக்கும் நரியை அகற்றினால், எல்லைக்கு அடையாளமாக அது விட்ட மூத்திர வாடை மங்கும். மங்கியதும் பக்கத்து நரியோ, இடம் தேடி அலையும் இளம் நரியோ வந்து உட்காரும். பெரும்பாலும் சில நாட்களிலேயே இது நடந்துவிடும். பிடித்துப்போய் விட்ட நரிக்கோ புது இடத்தில் இரை எங்கே, சாலை எங்கே என்று தெரியாது. அங்கே ஏற்கெனவே இருக்கும் நரிகள் அதைக் கடித்து விரட்டும். கடைசியில் பட்டினியிலோ காரிலோ சாகும். லண்டன் கவுன்சில்கள் பல, முன்பு ஆள் வைத்து நரிகளைக் கொன்றே பார்த்தன. பலன் இல்லை என்று 1980-களில் கைவிட்டன. நரியைக் கட்டுப்படுத்தும் கடமை கவுன்சிலுக்குச் சட்டத்தில் இல்லை. நரியை வரவழைப்பது உங்கள் தோட்டத்தில் கிடைக்கும் சாப்பாடும் மறைவிடமும். மாற்ற வேண்டியதும் அவற்றைத்தான்.

குட்டிகள் இருந்தால் பொறுத்திருங்கள். மார்ச், ஏப்ரலில் பிறக்கும் குட்டிகள் நாலு வாரத்தில் வெளியே தலைகாட்டும். ஜூன் முடிவதற்குள் பெரும்பாலும் வளையை விட்டுவிடும். அவ்வளவு நாள் தாங்காது என்றால், ஷெட்டுக்கு அடிக்கடி போய் வாருங்கள், சாமான்களை நகர்த்துங்கள், பேச்சு ஓடும் வானொலி ஒன்றைப் பகலில் வையுங்கள். இடம் தோதில்லை என்று பட்டால் தாயே ஒவ்வொரு குட்டியாக வாயில் கவ்வி வேறிடம் கொண்டுபோய்விடும்.

காலியாகிவிட்டதா என்று பார்க்க, வளை வாயில் செய்தித்தாளைக் கசக்கி லேசாகத் திணியுங்கள். ஐந்து நாள் அசையாமல் இருந்தால் யாரும் இல்லை. அதன்பிறகு வெல்ட் மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) அடிக்கலாம்: 25 மி.மீ. கண், 1.6 மி.மீ. கம்பி. ஷெட்டைச் சுற்றி 30 செ.மீ. ஆழத்துக்கு இறக்கி, அடியில் 30 செ.மீ. வெளிப்பக்கமாக மடித்துப் புதைக்க வேண்டும். பலரும் நேராக இறக்கி நிறுத்திவிடுகிறார்கள். நரி சுவரோரம்தான் தோண்டத் தொடங்கும்; மடிப்பு இருந்தால் அங்கேயே கம்பி தட்டும், நேராக இறக்கியிருந்தால் அடியில் புகுந்துவிடும்.

இனி நம் வீடுகளின் சங்கதி. மிளகாய்ச் செடிக்கும் கறிவேப்பிலைத் தொட்டிக்கும் மீன் தலையும் குடலும் புதைக்கிறோம். கடையில் வாங்கும் எலும்புத்தூள் உரமும் போடுகிறோம். நரி தன் இரையைத் தானே புதைத்து வைத்துப் பிறகு தோண்டி எடுக்கும் பிராணி. மண்ணுக்குள் ரத்த வாடை வந்தால் செடியோடு பிடுங்கிப் போடுகிறது. காய்கறிக் கழிவு உரத்துக்கு மாறுங்கள். அமாவாசைக்குக் காக்கைக்கு வைக்கும் சோறு ஒரு பிடி போதும். உயரமான இடத்தில் வையுங்கள், மிச்சத்தைப் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுங்கள். கோழி எலும்பைக் கறுப்புப் பையில் கட்டி முதல் நாள் இரவே வாசலில் வைக்காதீர்கள். உணவுக் கழிவுக்கென்று கவுன்சில் தரும் வாளியின் கைப்பிடியை முன்பக்கம் இழுத்துவிட்டால் மூடி பூட்டிக்கொள்ளும். இதைச் செய்யாத வீடுகளே அதிகம்.

நரியை விரட்டப் பாச்சா உருண்டை, டீசல், ஃபினாயில் எதுவும் வேண்டாம். நரி விரட்டி என்று அனுமதி பெற்று விற்பதை மட்டுமே போடலாம், அதுவும் லேபிளில் உள்ளபடி. மழை பெய்தால் மறுபடி போட வேண்டும்.

வெறிநோய் பயம் நம் ஊரிலிருந்து கூடவே வருவது. இந்த நாட்டில் நாயிடமும் நரியிடமும் அந்த நோய் ஒழிந்துவிட்டது. அதற்காக ஊருக்குப் போகும்போது அலட்சியம் கூடாது. அங்கே நாய் கடித்தால் சோப்புப் போட்டுக் கழுவி அன்றைக்கே ஊசி போட வேண்டும். இங்கே நரி கடித்தாலும் கழுவிவிட்டு மருத்துவ உதவி எண் 111-ஐ அழையுங்கள். சீழ் பிடிக்காமலும் டெட்டனஸ் வராமலும் பார்க்க வேண்டும். நரி மனிதரைத் தாக்குவது மிக அரிது. ஆனால் 2010-இல் கிழக்கு லண்டனின் ஹாக்னியில் திறந்திருந்த கதவு வழியாக உள்ளே வந்த நரி, தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளைக் கடித்துக் குதறியது. 'நரி வலம் போனால் என்ன, இடம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் போதும்' என்பார்கள். பிடுங்காமல் இருக்க, கீழ்த்தளக் கதவை இருட்டும் நேரத்தில் சாத்துங்கள், கையால் ஊட்டாதீர்கள். கையிலிருந்து வாங்கித் தின்று பழகிய நரிதான் வீட்டுக்குள் வரும்.

நான் கவலைப்படுவது நரி போட்டுவிட்டுப் போகும் எச்சத்தைப் பற்றி. ஒரு முனை கூராக முறுக்கியிருக்கும், புல்லில், செருப்பில், பொம்மையின்மேல்கூடக் கிடக்கும். அதிலுள்ள உருளைப்புழு முட்டைகள் மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். குழந்தையின் வயிற்றுக்குள் போனால் புழு கண்வரைக்கும் போகலாம். ஆனால் புதிய எச்சத்திலுள்ள முட்டை தொற்றும் நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். எனவே பார்த்த அன்றே பையைக் கையில் மாட்டி அள்ளிவிடுங்கள். மணல் தொட்டிக்கு மூடி கட்டாயம்.

முயலும் கோழியும் வளர்ப்பவர்கள் அறுகோணக் கோழிவலையை நம்பவே நம்பாதீர்கள், நரி பல்லால் கிழித்துவிடும். கூண்டுக்கும் அதே வெல்ட் மெஷ், மேலே கூரை, கதவுக்குத் தாழ்ப்பாள், திருகுகட்டை போதாது. நாய் இருந்தால் நுரையீரல் புழுவுக்குக் கால்நடை மருத்துவரிடம் மாத மருந்து கேளுங்கள். நரியிடமிருந்து நத்தை வழியாக நாய்க்கு வருகிறது. சொறி பிடித்த நரிக்காக இறைச்சியில் ஐவர்மெக்டின் மருந்தைக் கலந்து வைக்கிறார்கள் சிலர். வேண்டாம்! பக்கத்து வீட்டு கோலி இன நாய் அதைத் தின்றால் செத்துப்போகலாம்.

மே மாதத்தில் புல்வெளியில் செம்பட்டைக் குட்டி ஒன்று தனியாக உட்கார்ந்திருந்தால் அது அநாதையாகிவிடவில்லை. தூக்காதீர்கள், பால் வைக்காதீர்கள். குழந்தைகளையும் நாயையும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டு விலகிவிடுங்கள். இருட்டியதும் தாய் வரும். கண்ணே திறக்காத குட்டி வெளியே கிடந்தாலோ, அடிபட்டு ரத்தம் வந்தாலோ மட்டும் வனவிலங்கு மீட்பு மையத்தைக் கூப்பிடுங்கள்.