எப்போதும் ஒன்று இடிக்கிறது

ஒரு ஏ4 தாளை எடுங்கள். குட்டைப் பக்கம் நீளப் பக்கத்தின் மேல் படியும்படி மூலையிலிருந்து சாய்வாக மடியுங்கள். சின்ன வயதில் கப்பல் செய்யச் சதுரத் தாள் கிழிக்க மடிப்போமே, அதே மடிப்புதான். அந்தச் சாய்வு மடிப்பை இன்னொரு ஏ4 தாளின் நீளப் பக்கத்தோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். அச்சுப் பிசகாமல் பொருந்தும்.

பொருந்துவதுபோல் தெரியும் என்பதே சரி. தாளின் அளவு 210க்கு 297 மி.மீ. மடிப்போ 210 மி.மீ. சதுரத்தின் மூலைவிட்டம், அதன் நீளம் 210 × √2, சுமார் 296.985 மி.மீ. வித்தியாசம் 0.015 மி.மீ.தான். ஒரு தலைமுடியின் தடிமன்கூடத் தேறாது.

பாதியாக மடித்தாலும் தாளின் வடிவம் மாறக் கூடாது என்றால், நீளம் அகலத்தைப்போல் √2 மடங்கு இருந்தாக வேண்டும். 1922இல் ஜெர்மனி இந்த அளவுகளைத் தரப்படுத்தியதற்கு அதுதான் அடிப்படை. ஆனால் 297/210ஐச் சுருக்கினால் 99/70. 99இன் வர்க்கம் 9801. 70இன் வர்க்கத்தை இரட்டித்தால் 9800. விகிதம் சரியாக √2 என்றால் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். ஒன்று இடிக்கிறது!

வேள்வி மேடை அளக்க எழுதப்பட்ட பழைய வடமொழி நூலான பௌதாயன சுல்ப சூத்திரம் √2க்கு ஒரு வழி சொல்கிறது: ஒன்றோடு அதன் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டு, அந்தப் பங்கின் நான்கில் ஒன்றையும் கூட்டு, கடைசியாகக் கூட்டியதில் 34இல் ஒரு பங்கைக் கழி. கணக்குப் போட்டால் 577/408. மேலே வர்க்கம் 332929, கீழே வர்க்கத்தின் இரட்டிப்பு 332928. மறுபடியும் அதே ஒன்று.

இன்னும் பெரிய எண்களாக எடுத்தால் இந்த ஒன்று ஒழியுமா? ஒழியாது. எந்த முழு எண்ணையும் பகா எண்களாக ஒரே விதமாகத்தான் பிரிக்க முடியும். 70 என்றால் 2 × 5 × 7. வர்க்கப்படுத்தினால் ஒவ்வொரு காரணியும் வரும் தடவை இரண்டு மடங்காகும். ஆக எந்த வர்க்கத்திலும் 2கள் இரட்டைப்படையாகவே இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அதை இரட்டித்தால் ஒரு 2 கூடி ஒற்றைப்படையாகிவிடும். ஒரு பக்கம் ஜோடி ஜோடியாக, மறுபக்கம் ஒன்று தனியாக. இரண்டும் எப்படிச் சமமாகும்? எனவே √2ஐப் பின்னமாக எழுதவே முடியாது. அது விகிதமுறா எண்.

எந்த வர்க்கமூலத்துக்கும் இதே சோதனை போதும். 1764 = 2 × 2 × 3 × 3 × 7 × 7. எல்லாம் ஜோடி, மூலம் 42. 1728இல் 2 ஆறு முறை வருகிறது, 3 மூன்று முறை. ஒரு 3 தனித்து நிற்பதால் √1728 விகிதமுறா எண். கால்குலேட்டரை இதற்கு நம்பாதீர்கள். அது 1.414213562 என்று நிற்பது திரையில் இடம் தீர்ந்ததால்தான்.

பலரும் சறுக்குகிற இடம் √0.9. கை தானாக 0.3 என்று எழுதிவிடும் (நானும் எழுதியிருக்கிறேன்). 0.3இன் வர்க்கம் 0.09 அல்லவா? 0.9 என்பது 9/10. மேலே 9 முழு வர்க்கம், கீழே 10 இல்லை. பின்னத்தைச் சுருக்கிய பிறகு இரண்டுமே முழு வர்க்கமாக இருந்தால்தான் மூலம் விகிதமுறு எண்.

ஏ4ஐவிட √2க்கு நெருக்கமான தாள் வேண்டுமா? 99/70இல் மேலே உள்ளதோடு கீழே உள்ளதை இருமுறை கூட்டினால் 239. ஒருமுறை கூட்டினால் 169. 239இன் வர்க்கம் 57121. 169இன் வர்க்கத்தை இரட்டித்தால் 57122. இந்தத் தடவை ஒன்று குறைகிறது.